ஊதா லேபிள் ஒட்டிய டிரம்

அந்த வாசனைக் கம்பெனியில் தராசு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது ஒரு பெண்மணி. பத்தொன்பது வருஷமாக எடை மேசையில் நிற்கிறவள். வயதில் சின்னவர்கள் தராசக்கா என்பார்கள், பெரியவர்களுக்கு வெறும் தராசு. புட்டியைச் சாய்த்துச் சொட்டு விடும்போது ஒரு சொட்டு கூடினாலும் அவள் விரலுக்கு முதலில் தெரிந்துவிடும், மெஷின் அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டு எண்ணை மாற்றும் என்று பேச்சு. பேச்சில் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்திருப்பார்கள், ஆனாலும் பாதிக்கு மேல் நிஜம்.

சோப்புக்கும் பவுடருக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் போடுகிற வாசனைக் கலவைதான் அங்கே தயாராகிறது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சீட்டில் நம்பரும் எடையும் எழுதி வரும், அதன்படி ஊற்றிக் கொடுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடி முகமூடி. தலைக்கு மேலே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ராட்சச விசிறி. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் திட்டினாலும் பாராட்டினாலும் ஒன்றுதான், தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

இவளுக்கு இந்த வேலை கிடைத்தது நாத்தனார் மூலமாக. நாத்தனாருடைய கணவரின் சித்தி மகன் அங்கே லாரி ஓட்டினான். அவன் சொல்லி நாத்தனார் சேர்ந்தாள், நாத்தனார் சொல்லி இவள் சேர்ந்தாள். நாத்தனார் ஆறு மாசத்தில் தலைவலி என்று நின்றுவிட்டாள், இவள் ஒட்டிக்கொண்டாள். ஆனால் இந்தக் கம்பெனிக்கும் இவள் பிறந்த வீட்டுக்கும் அதற்கு முன்னாலேயே ஒரு தொடர்பு இருந்தது. நல்ல தொடர்பு இல்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். பெரியப்பா கலவை அறைக்கு மேஸ்திரி. அப்பா சோப்பு வெட்டுகிற இடத்திலிருந்து டிரம் ஸ்டோருக்கு மாற்றலாகி மூன்றாம் நாள், ஒரு டிரம்மை முழுக்கக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, சரக்கு கெட்டுப்போயிருந்தது என்றார். முதலாளி பெரியப்பாவைக் கூப்பிட்டு, அடியில் மிஞ்சியதை முகர்ந்து பார்க்கச் சொன்னார். நல்ல சரக்கு முதலாளி என்று பெரியப்பா சொன்னார். அவ்வளவுதான். கைதவறித் தள்ளிவிட்டதை மறைக்கப் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டி அன்றைக்கே அப்பாவை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. எட்டுத் தெரு தள்ளி இரண்டு வீடு, இருந்தும் இவர் வரும் பக்கம் அவர் வர மாட்டார். இவள் கல்யாணத்துக்குப் பெரியம்மா மட்டும் வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, கண் நிறைய அழுதுவிட்டுப் போனாள். அப்பா பஸ் நிலையத்துக்குப் பின்னால் பூட்டு சாவிக் கடை போட்டார். ஊரே வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. "ஊரு நம்புது, கூடப் பொறந்தவன் நம்பல" என்று யாராவது பேச்செடுத்தால் சொல்வார். பேச்செடுக்காவிட்டாலும் சொல்வார்.

மகள் அதே கம்பெனியில் சேர்ந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அந்த இடத்துப் பேச்சு இந்த வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது பாப்பா." வரவில்லை. பத்தொன்பது வருஷம் வரவில்லை. அது என்ன டிரம், என்ன சரக்கு என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஆனால் மனதுக்குள் ஒரு முள். அப்பா பொய் சொன்னாரா, இல்லையா? எடை மேசையில் நின்று நின்று அவளுக்கு எதுவும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தாக வேண்டும். இது ஒன்றில் மட்டும் தராசு முள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பெரியப்பாவும் பொய் சொல்கிற ஆள் இல்லையே. சந்தேகப்படுவதே பாவம் என்று தோன்றும், சந்தேகம் மட்டும் போகாது.

இப்படி இருக்கையில், சரக்கை முகர்ந்து பார்த்துத் தரம் சொல்கிற மூக்குக்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. வேலையின் பெயர் வேறு ஏதோ நீளமாக இருக்கிறது, எல்லாரும் சொல்வது மூக்குக்காரர் என்றுதான். அந்த நாற்காலிக்குத் தராசைப் போடலாமே என்று மேனேஜர் சொன்னார். கை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்றால் மூக்கும் சுத்தமாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

சோதனை அறையில் மேஜை மேல் ஐந்து காகிதப் பட்டைகள் விசிறி மாதிரி விரித்து வைக்கப்பட்டிருந்தன. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான பட்டைகள், நுனியை மட்டும் சரக்கில் தோய்த்திருந்தார்கள். மூக்குக்காரர் ஒரு பக்கம், புதிதாக வந்திருந்த கெமிஸ்ட் பெண் ஒரு பக்கம், நடுவில் மேனேஜர். முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததே தராசுக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ உடம்பில் பாதித் துணி இல்லாத மாதிரி.

முதல் பட்டை எலுமிச்சை. இரண்டாவது கிராம்பு. மூன்றாவது ரோஜா, ஆனால் மட்டமான ரோஜா என்றாள், மூக்குக்காரர் சிரித்துத் தலையாட்டினார். நான்காவது ஈர மண். சரி, சரி, சரி. ஐந்தாவதை எடுத்து முகர்ந்தாள், சட்டென்று தள்ளிப் பிடித்தாள்.

"இது கெட்டுப்போச்சு சார்."

"கெட்டுப்போச்சா?"

"புளிச்ச வாடை. வினிகர் மாதிரி. மூக்குல ஏறுது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்குக்காரர் பட்டையை வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் முகர்ந்தார்.

"என்னம்மா, ரிட்டயர் ஆகிற நாள்ல என்னை வெச்சு விளையாடுறியா? பூ மணம் அள்ளிக்கிட்டுப் போகுது."

"நீங்கதான் சார் விளையாடுறீங்க" என்றாள் தராசு. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

"எது இது, சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"இருபத்து மூணாம் நம்பர்" என்றாள் கெமிஸ்ட். "அயனோன். நம்ம ஆளுங்க ஊதாப்பூன்னு சொல்லுவாங்களே, அது."

தராசு மூக்குக்காரர் கையிலிருந்த பட்டையையே பார்த்தாள். இருபத்து மூன்றாம் நம்பர் அவள் தினமும் எடை போடுகிற புட்டி. ஊதா லேபிள். பத்தொன்பது வருஷமாக முகமூடியையும் மீறி மூக்கில் ஏறுகிற புளித்த வாடை, சரக்கின் இயல்பே அதுதான் என்று நினைத்திருந்தாள். ஊதாப்பூ என்பது வியாபாரத்துக்கு வைத்த பேர், மேகம் என்று பேர் போட்ட சோப்பில் மேகமா இருக்கிறது என்று அவள் நினைப்பு. எடை மேசைப் பெண்கள் சாயங்காலம் கை கழுவும்போது, "இன்னைக்கு ஊதாப்பூ எடை போட்டேன், ஆகா, வீட்டுக்குப் போனாலும் மணக்கும்" என்பார்கள். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சாக்கடையைத் தாண்டும்போது ஆகா என்ன மணம் என்போமே, அந்த மாதிரி கேலி என்று எடுத்துக்கொண்டாள். இவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று அவர்களும் ஒருநாளும் கேட்டதில்லை. தராசுக்குச் சிரிப்பு ஜாஸ்தி என்று விட்டுவிட்டார்கள்.

"இந்தப் பூ எங்க பூக்குது?" என்று கேட்டாள்.

"எங்கேயும் இல்லக்கா" என்றாள் கெமிஸ்ட். "ஊதாப்பூன்னு ஒரு பூ குளிர் நாட்டுல இருக்கு, ஆனா இதை அதுல இருந்து எடுக்கல. எலுமிச்சம்புல் எண்ணெயில இருந்து மாத்தி மாத்திச் செய்யறது. நானே அந்தப் பூவைப் பார்த்ததில்ல."

"நானும்தான்" என்றார் மூக்குக்காரர். "ஆனா மணத்தைப் பார்த்திருக்கேன். அதுவும் போக்கிரிச் சரக்கு. முதல் மூச்சுல வரும், அடுத்த மூச்சுல காணாமப் போகும், அப்புறம் கூப்பிடாமலே வந்து நிக்கும்."

"எனக்குப் போகவே மாட்டேங்குதே சார். அப்படியே நிக்குதே."

கெமிஸ்ட் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பார்க்கலாம் தராசு என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும். நாற்காலி போனதுகூட அவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றவர்கள் ஒரு பூவோடு நின்றிருக்கிறார்கள், தான் ஒரு புளித்த வாடையோடு நின்றிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அதை எந்தத் தட்டில் வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

வெளியே வந்தபோது டிரம் ஸ்டோர்க்காரர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலேயே பழைய ஆள், இவள் யார் மகள் என்று தெரியாதவர். விஷயம் இவளுக்கு முன்னால் ஸ்டோருக்கு நடந்து போயிருந்தது.

"என்ன தராசு, ஊதா லேபிளைப் புளிச்சுப்போச்சுன்னு சொன்னியாமே?" என்று சிரித்தார். "உனக்கு முன்னாடியே ஒருத்தன் சொல்லியிருக்கான். சொன்னதோட விட்டானா, டிரம்மையே கவுத்துட்டான்."

அவள் கையிலிருந்த முகமூடி கீழே விழுந்தது.

"எந்த டிரம்?"

"இதேதான். ஊதா லேபிள். அப்போ ஒரு முறை உண்டு. டிரம் மூடியை யார் திறக்கிறாங்களோ அவங்கதான் முதல்ல முகர்ந்து பார்க்கணும். நல்லா இருந்தா மூடி மேல சாக்கட்டியால தன் அடையாளத்தைப் போடணும், கெட்டிருந்தா ஊத்திடணும். யாரையும் கேட்க வேண்டியதில்ல. அந்த ஆளு அதுக்கு முன்னாடி அந்தச் சரக்கை மோந்ததே இல்ல. திறந்தான், மோந்தான், ஊத்திட்டான். நாங்க ஓடிப் போய்ப் பார்த்தா ஸ்டோர் முழுக்கப் பூ மணம், நடுவுல இவன் நின்னு புளிச்சுப்போச்சு புளிச்சுப்போச்சுன்னு கத்தறான். சொந்த அண்ணனே நல்ல சரக்குன்னு சொல்லிட்டாரு. பாவம், எங்கே போனானோ."

எங்கேயும் போகவில்லை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறார் என்று அவள் சொல்லவில்லை. நேராகச் சோதனை அறைக்குத் திரும்பிப் போய்க் கெமிஸ்டின் எதிரில் நின்றாள்.

"அம்மா, ஒரு ஆளுக்குப் பூவாவும் ஒரு ஆளுக்குப் புளிப்பாவும் ஒரே சரக்கு இருக்குமா? நிஜத்தைச் சொல்லு."

"இருக்கும்க்கா. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுமே, அது மாதிரி சில மூக்கு இந்த ஒரு சரக்கை மட்டும் வேற மாதிரி எடுத்துக்கும். பொறவியிலேயே அப்படி. குடும்பத்துல வரும், ஆனா எல்லாருக்கும் வராது."

"அப்போ யாரு சொல்றது சரி?"

கெமிஸ்ட் யோசித்தாள். "ரெண்டு பேரும் சரி."

"அது எப்படிம்மா ரெண்டு பேரும் சரி?"

"எனக்கும் அதுக்கு மேல சொல்லத் தெரியலக்கா" என்றாள் அந்தப் பெண் நேர்மையாக. பட்டைகள் சிலவற்றைத் தோய்த்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி, மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது அப்பா ஒரு பெட்டிப் பூட்டின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்த பூட்டின் மேல் சாக்கட்டியால் ஒரு சின்னக் கோடு போடுவது அவர் வழக்கம். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற கோடு. அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்றும் சொல்லாமல் குப்பியைத் திறந்து ஒரு பட்டையை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். அப்பாவின் கை நின்றது. முகம் மாறியது.

"எங்கேருந்து எடுத்த?"

"எப்படி இருக்குதுப்பா?"

"அதே டிரம்." அவர் பட்டையைக் கையில் வாங்கினார். "புளிச்சுப்போன அதே டிரம். இன்னும் வெச்சிருக்கானுங்களா? நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

அவளுக்கு அழுகை வந்தது. அப்பா பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஆடிக்கொண்டிருந்த முள் ஒரு நிமிஷம் நின்றது. நின்றது என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். தன் மூக்குக்கும் அப்படித்தான் என்பதையும், மற்றவர்களுக்குப் பூ என்பதையும், பிறவியிலேயே சிலருக்கு அப்படி என்பதையும். அப்பா பாதி வரை தலையாட்டினார். மீதியில் ஆட்டவில்லை.

"இரு இரு. அப்போ டிரம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றியா?"

"டிரம் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. ஆனா நீங்க சொன்னதும் பொய் இல்ல."

"நல்லா இருந்ததை நான் கொட்டிட்டேன்."

"உங்களுக்கு அது கெட்டுப்போனதாத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதுன்னா? கெட்டுப்போச்சு, பாப்பா. இதோ, இப்பவும் கெட்டுத்தான் கிடக்குது." பட்டையை மறுபடி முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "எதுல செய்யறாங்க இதை?"

"எலுமிச்சம்புல்லுல."

"பார்த்தியா! புல்லுல செஞ்சதைப் பூன்னு சொல்றவனெல்லாம் யோக்கியன். புளிச்சதைப் புளிச்சதுன்னு சொன்ன நான் பொய்யன்."

அப்பா பொய்யர் இல்லை என்று சொல்லப் போய், தப்பு செய்தவர் என்று சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. அப்பா சாக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்க பெரியப்பன் என்ன சொல்றான்னு கேட்டியா?" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு எட்டுத் தெரு நடந்து போனாள். பெரியப்பா வீட்டுக் கதவு லேசில் திறக்காது. பூட்டு ஒட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து பெரியம்மா கதவை முழங்காலால் தூக்க, வெளியேயிருந்து இவள் தோளால் இடிக்க, ஒருவழியாக வழி விட்டது.

"பன்னெண்டு வருஷமா இதே கூத்துதான் வாம்மா" என்றாள் பெரியம்மா. "பூட்டை ரிப்பேர் பண்ண ஊர்ல ஆள் இல்லாமலா? இருக்கார். இவருக்குத்தான் அங்க போகக் கால் வராது. வேற ஆள்கிட்ட கொடுங்கன்னா அதுக்கும் மனசு வராது. தினம் கதவோட நான் குஸ்தி போடறேன்."

பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். இவள் நீட்டிய பட்டையை வாங்கி, பழைய மேஸ்திரி தோரணையில் மூக்குக்கு முன்னால் இரண்டு தரம் ஆட்டி, முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஊதாப்பூ. நல்ல சரக்கு. என் கையில எத்தனை டிரம் போயிருக்கும்! இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

"எனக்கு அது புளிச்ச வாடை பெரியப்பா."

"என்னது?"

"அப்பாவுக்கும். நேத்துதான் மோந்து பார்த்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னார்."

பெரியப்பா பட்டையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். திடீரென்று முகம் குழம்பியது. "காணோமே! இப்போ இருந்துச்சு, இப்போ காணோம்." அப்படித்தான் போய்ப் போய் வரும் என்று அவருக்குத் தெரியும், ஆயிரம் தரம் பார்த்தவர்தான். ஆனால் இந்த நேரத்தில் போனது அவரைக் கலக்கிவிட்டது. கெமிஸ்ட் சொன்னதை இவள் சொல்லி முடிக்கும்வரை பட்டையை விரலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"நான் பொய் சொல்லல" என்றார் கடைசியில்.

"இல்ல பெரியப்பா."

"அவனும் சொல்லல."

"இல்ல."

"அப்போ யாரும்மா தப்பு? முதலாளியா? அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. சரக்கா? அதுக்கு வாய் இல்ல. ரெண்டு பேரும் சரின்னா நான் எதுக்கு இத்தனை வருஷம் பேசாம இருந்தேன்? அவன் என்னை முதலாளிக்கு முன்னாடி வெச்சுப் பொய்யனாக்கப் பார்த்தான்னுதானே?"

"அவரும் அதையேதான் நினைச்சார்" என்றாள் பெரியம்மா வாசலிலிருந்து. "ரெண்டு பேருக்கும் மூக்குதான் வேற, புத்தி ஒண்ணுதான்."

பெரியப்பா எழுந்து கதவு வரைக்கும் போனார், பூட்டை ஒரு நிமிஷம் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். தராசு கிளம்பினாள். வந்த காரியம் ஆயிற்றா, கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீடு வரைக்கும் இதையே நினைத்து நடந்ததில் தன் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனியில் நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது. கெமிஸ்ட் சொல்லி, ஊதா லேபிள் டிரம்மை இனிமேல் இரண்டு பேர் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் ஸ்டோர் சுவரில் ஒட்டப்பட்டது. எடை மேசைப் பெண்கள் தராசை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அக்கா, இத்தனை நாள் நாங்க மணக்குதுன்னு சொன்னப்பெல்லாம் நீ எதுக்குச் சிரிச்சே?" என்று ஒருத்தி கேட்டாள். உண்மையைச் சொன்னதும் அவர்கள் சிரித்த சிரிப்பில் விசிறிச் சத்தமே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். தெருமுனையில் பெரியப்பா வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் துணிப்பை. கடை வாசலில் நின்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். தராசு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அந்தப் பட்டை இருக்குதா?" என்றார் பெரியப்பா அவளிடம்.

அவள் பையிலிருந்த குப்பியில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். தம்பியிடம் நீட்டினார். தம்பி முகர்ந்தார்.

"பூ" என்றார் பெரியப்பா.

"புளிச்ச காடி" என்றார் அப்பா.

"பூடா."

"காடிண்ணே."

அண்ணே என்று வந்துவிட்டது. சொன்னவருக்கே அது தெரியவில்லை, கேட்டவருக்குத் தெரிந்தது. பெரியப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உனக்கு நெஜமாவே பூ வரலையா?"

"வந்தா நான் ஏன் கொட்டப்போறேன்?"

"அன்னைக்கு ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"திறந்தவன்தானே முடிவு பண்ணணும், முறை அதுதானே? நீதானே சொல்லிக் கொடுத்தே?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார். "நல்ல சரக்குன்னு சொன்னேன். நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலடா. முதலாளி தானா அப்படி எடுத்துக்கிட்டாரு. ஆனா இல்லன்னும் சொல்லாம நின்னேன்."

அப்பா மேஜை மேல் கிடந்த திருப்புளியை எடுத்தார், வைத்தார். பெரியப்பா துணிப்பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கதவிலிருந்து கழற்றியே கொண்டுவந்திருந்தார், நாலு திருகாணியோடு. பக்கத்தில் வீட்டுச் சாவி.

"ஒட்டுது" என்றார்.

"கதவைத் திறந்து போட்டுட்டா வந்தே?"

"உங்க அண்ணி காவலுக்கு உக்காந்திருக்கா. சீக்கிரம் பாரு, திட்டுவா."

அப்பா பூட்டின் மூடியைக் கழற்றினார். "பன்னெண்டு வருஷமா சொட்டு எண்ணெய் காட்டலையா இதுக்கு?" என்று முணுமுணுத்தார். துரு சுரண்டி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை மாற்றி, சாவியைப் போட்டுத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி திரும்பியது. வழக்கம்போல் சாக்கட்டியை எடுத்தார். கோடு போடப் போனவர் நின்றார். பூட்டையும் சாவியையும் அண்ணன் பக்கம் தள்ளினார்.

"நீயும் ஒருதரம் திருப்பிப் பாரு."

பெரியப்பா திருப்பிப் பார்த்தார். அப்பா ஒரு கோடு போட்டார். பெரியப்பா சாக்கட்டியை வாங்கி அதன் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார், அது கொஞ்சம் வளைந்து போனது.

மேஜை ஓரத்தில் அந்தப் பட்டை அப்படியே கிடந்தது. பெரியப்பா பையைச் சுருட்டிக்கொண்டே சட்டென்று நிமிர்ந்தார்.

"டேய், திரும்ப வந்துடுச்சுடா. பூ."

அப்பா குனிந்து பட்டையை முகர்ந்தார். ஒருவேளை இந்த முறையாவது என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவளும் குனிந்து முகர்ந்தாள். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, பார்த்தே இராத அந்தப் பூ எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கிறதா என்று தேடினாள்.

புளிப்புதான். நல்ல புளிப்பு.